பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

உலா இலக்கியம் படித்தவர்களுக்கு ஏழு பருவப் பெண்களைத் தெரிந்திருக்கும். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். தலைவன் வீதியில் பவனி வருவான். இவர்கள் எழுவரும் அவனைக் கண்டு மயங்குவார்கள். வயதெல்லை வகுப்பதில் பாட்டியல் நூல்கள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டாலும், பொதுவாகச் சொல்லப்படும் கணக்கில் பேதை 5 வயதில் தொடங்குகிறாள், பேரிளம்பெண் 32 முதல் 40 வரை. அதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. உயர்தர வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "அப்ப நாப்பதுக்குப் பிறகு என்ன பேர், டீச்சர்?"

பெயர் இல்லை என்பதுதான் பதில். பார்க்கின்ற கண் ஆணுடையது, அந்தக் கண்ணுக்கு 40க்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம்தான். ஆனால் நானே அந்த எல்லையைக் கடந்து சில வருடங்கள் ஆகிவிட்டதால் கேள்வி மனதில் தங்கிவிட்டது. பெயரில்லாத அந்தப் பருவம் இன்றைக்கு ஒரு பெண்ணின் வாழ்நாளில் ஏறக்குறைய பாதி. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது 65 வயதைக் கடந்தோர் மொத்த சனத்தொகையில் 7.9 வீதம், 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 12.6 வீதம். பெண்கள் ஆண்களைவிடக் கூடுதல் காலம் உயிர்வாழ்வதால் இந்த முதியோரில் பெண்களே அதிகம், அவர்களிலும் பலர் கணவனை இழந்தவர்கள். எனவே முதுமை பற்றிப் பேசுவது பெரும்பாலும் பெண்களைப் பற்றிப் பேசுவதுதான்.

உலாவை விட்டுக் கொஞ்சம் பின்னால் போனால் தமிழ் இவ்வளவு கஞ்சத்தனமாக இருக்கவில்லை. "கிழவி" என்பது இன்று ஏச்சு. லயத்து வாசலில் சண்டை வந்தால் முதலில் வெளியே வரும் சொல்லும் அதுதான். ஆனால் கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிறுக்கு உரிய நாள். தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி என்றால் அகவாழ்வின் தலைவனும் தலைவியும். அதாவது உரியவன், உரியவள். அந்த வேரிலிருந்து வந்த சொல் எப்போது உரிமை இழந்தவளைக் குறிக்கத் தொடங்கியது என்பது தனி ஆய்வுக்குரிய விடயம். முல்லைப்பாட்டில் போருக்குப் போன தலைவனுக்காக ஊருக்கு வெளியே போய் நற்சொல் கேட்டு வருபவர்கள் வயது முதிர்ந்த பெண்கள். வீட்டின் கவலையை எடுத்துக்கொண்டு போய் நம்பிக்கையோடு திரும்பி வரும் வேலை அவர்களுடையது.

ஒளவையாரையும் சொல்ல வேண்டும். புறநானூற்றில் அதியமானோடு பழகிய ஒளவை கிழவி அல்லர். அங்கே அரசன் ஒருவன் அவரை அழகிய விறலியாகவே பார்த்துப் பேசுகிறான். பிற்காலத்துக் கதைகள்தான் அவரைக் கூன் விழுந்த பாட்டியாக்கின. இளமையை எடுத்துவிடும்படி அவரே இறைவனிடம் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. பெண் ஊரெல்லாம் நடந்து திரியவும் அரசருக்கே புத்தி சொல்லவும் வேண்டுமானால் முதலில் கிழவியாக வேண்டும் என்று நம் சமூகம் நினைத்திருக்கிறது. அந்தச் சிந்தனையில் ஒரு குறை இருக்கிறது, ஒரு உண்மையும் இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது நெல்லிக்கனிதான். நீண்ட ஆயுள் தரும் என்று நம்பப்பட்ட ஒரு கனியை அரசன் தான் உண்ணாமல் ஒரு பெண்ணிடம் கொடுத்தான். தமிழில் நீண்ட ஆயுளுக்கு இதைவிடப் பெயர்பெற்ற பரிசு வேறில்லை, அதைப் பெற்றவள் ஒரு பெண்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். பொல்பிட்டியவிலிருந்து நோட்டன்பிரிட்ஜ், மஸ்கெலியா, ஹட்டன் என்று ஏறிப் போகும் பாதையில் இரண்டு வகையான முதிய பெண்களைக் காணலாம். ஒருவர் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். மற்றவர் கடைத்தெருவில் கடைக்குப் பின்னால், அல்லது கடைக்கு மேல்மாடியில் வாழ்ந்து ஓய்ந்த நம்முடைய உம்மும்மா. இருவரும் ஒருவரையொருவர் ஐம்பது வருடமாக அறிவார்கள். கடன் கொப்பியில் பெயர் இருக்கும், பெருநாளுக்கும் தீபாவளிக்கும் பலகாரம் மாறியிருக்கும். முதுமை இருவருக்கும் வேறு வேறு வாசலால் வருகிறது.

தோட்டத்துப் பெண்ணுக்கு அது 50 வயதில், ஒரு படிவத்தோடு வருகிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுத் தம் பணத்தை எடுக்கலாம். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியிருப்பதால் 50இல் போகத்தான் வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் முழங்காலும் இடுப்பும் அதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகின்றன. சேமலாப நிதியோடு நம்பிக்கைப் பொறுப்பு நிதியும், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி சேவைக்காலப் பணமும் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம் என்பது அதன் கணக்கு. 30 வருடம் பறித்தவளுக்கு 420 நாள் சம்பளம். கைநிறையக் காசைப் பார்ப்பது அவளுக்கு வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அந்தக் காசு ஆறு மாதம் தங்குவதில்லை. மகனுக்கு ஓட்டோ, மகளுக்குக் கலியாணம், பேரனைக் கொழும்புக்கு அனுப்ப ஒரு தொகை. பிறகு அதே கிழவி ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாள். நம் வீடுகளிலும் கதை வேறில்லை, காசுக்குப் பதிலாக நகை, அவ்வளவுதான். உம்மாவின் காப்பு ஒரு மகளின் கைக்கூலிக்கும், மாலை இன்னொரு மகளின் வீட்டுக்கும் போய்விடும். மிச்சமிருக்கும் ஒரு சோடித் தோட்டையும் மருமகள் பார்த்துக்கொண்டிருப்பாள். கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. மஹர் பெண்ணுக்கே உரியது, அவளாக மனமுவந்து தந்தாலன்றிப் பிறர் தொடக்கூடாது என்று அல்குர்ஆன் அந்நிஸா அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பெண் சம்பாதித்தது பெண்ணுக்கு என்பதும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. கதீஜா நாயகி (ரழி) தம் சொந்த முதலில் வியாபாரம் நடத்தியவர்கள். இதையெல்லாம் பயானில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, 65 வயதில் பிரஷர் குளிசைக்கு மகனிடம் நூறு ரூபாய் கேட்கத் தயங்கி நிற்கிறோம். முதுமையில் தன்னைப் பேணுவது எண்ணெய்த் தேய்ப்பிலும் பழச்சாற்றிலும் தொடங்குவதில்லை. பெண்ணின் பெயரில் ஒரு வங்கிப் புத்தகம் இருக்க வேண்டும், அதில் கொஞ்சமாவது காசும் இருக்க வேண்டும்.

கோயம்புத்தூர் மாவட்டத்துத் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் என்ற அம்மையார் 100 வயதைக் கடந்தும் வயலில் இறங்கி வேலை செய்தார். 2021இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது; 2024இல் காலமானார். அவருடைய உணவையும் உழைப்பையும் எல்லோரும் எழுதினார்கள். நான் கவனித்தது வேறு. அவர் இறங்கிய வயல் அவருடைய வயல். கடை நடத்திச் சேர்த்த காசில் வாங்கியது. எங்கள் மலையில் நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகக் கொழுந்து பறித்த கைகளில் எத்தனைக்கு ஒரு பேர்ச் காணி சொந்தம்?

உடம்பைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். நம் பெண்கள் வெட்கத்தால் பேசாத விடயம் இது. மாதவிடாய் பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் நிற்கிறது. அதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே உடம்பு திடீரெனக் கொதித்து வியர்ப்பது, இரவில் தூக்கம் கலைவது, காரணமில்லாத எரிச்சல், மறதி எல்லாம் வரலாம். "உம்மாட கொணம் மாறிப் போச்சு" என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். சில வீடுகளில் ஓதிப் பார்க்கவும் கூட்டிப் போவார்கள். ஓதிப் பார்ப்பதில் நன்மை உண்டு. ஆனால் நடப்பது என்னவென்றால், சூலகம் ஈஸ்ட்ரஜன் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. அந்தச் சுரப்புத்தான் எலும்பையும் காத்துக்கொண்டிருந்தது. அது குறைந்ததும் முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. பாசி பிடித்த படியில் ஒருநாள் வழுக்கினால்தான் தெரியும். இடுப்பெலும்பு முறிந்த பலர் பிறகு பழையபடி நடப்பதில்லை.

எங்கள் ஊரில் படிக்கட்டு இல்லாத வீடு அரிது, மழை இல்லாத வாரம் அதைவிட அரிது. ஆகவே முதல் மருந்து கைபிடிக் கம்பி. குளியலறைக்குள் ஒன்று, வாசற்படியில் ஒன்று, இரவில் எட்டும் தூரத்தில் ஒரு டோர்ச். இதைச் செய்ய ஒரு மேசனுக்கு அரைநாள் போதும். அடுத்தது உணவு. எலும்போடு தின்னும் நெத்தலி, பால் அல்லது தயிர், குரக்கன், கீரை, நாளுக்கு ஒரு முட்டை, கொஞ்சம் பருப்பு. வயதானவர்களுக்குச் சோறும் சொதியும் போதும் என்று நினைப்பது தவறு. தசை கரையும் வயதில் புரதம் கூடுதலாகத்தான் வேண்டும். சாயத்தண்ணி பற்றிச் சொன்னால் இங்கே சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன்: சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். வெற்றிலையை மட்டும் அப்படித் தவணை போட முடியாது. புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பாக்கோடு வெற்றிலை மெல்லுவதைப் புற்றுநோய் உண்டாக்கும் பழக்கம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் காட்ட வேண்டும்.

65 வயதைக் கடந்தவர்களும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது போன்ற மிதமான உடலசைவு செய்ய வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மலையில் வாழ்ந்தவளுக்கு நடை புதிதல்ல. கடைத்தெருவில் வாழ்ந்தவளுக்குத்தான் பிரச்சினை. நாற்பது வருடமாக அடுப்படியிலிருந்து தொழுகை அறைக்கு நடந்ததுதான் அவள் நடை. மூடுபனி விலகும் காலை நேரத்தில் முற்றத்து வெயிலில் கைகால் தெரிய அரைமணி இருப்பது அவளுக்குக் கிடைக்கும் வைட்டமின் டி. அதற்கு மறைவான முற்றம் வேண்டும், வீடு கட்டும் மகன்மார் கவனிக்க.

இன்னொன்று. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்த பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் அது சாதாரணமல்ல, உடனே வைத்தியரிடம் போக வேண்டும். மார்பில் தட்டுப்படும் கட்டியும் அப்படித்தான். 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுவநாரி கிளினிக் நடக்கிறது. கர்ப்பப்பை வாசல் புற்றுநோய்ப் பரிசோதனை, மார்புப் பரிசோதனை, பிரஷர், சீனி எல்லாம் இலவசம். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அவர்களே அழைக்கிறார்கள். பிள்ளை பெறும் காலத்தில் தவறாமல் கிளினிக் போன நம் பெண்கள், பெறுவது முடிந்ததும் கிளினிக்கும் முடிந்தது என்று எண்ணுகிறார்கள். உடம்பு பிள்ளைக்காக மட்டும் தரப்பட்டது போல.

"எனக்கென்ன மகள் இனி, மவுத்துக்குக் காத்திருக்கிற வயசு." இதை எத்தனை வாயால் கேட்டிருக்கிறேன்! பக்தி போலத் தெரியும் இந்தப் பேச்சுக்கு மார்க்கத்தில் பெரிய ஆதாரமில்லை. மரணத்தை நினைப்பது வேறு, அதற்காகக் கைகட்டி உட்கார்ந்திருப்பது வேறு. கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத்தே வந்தாலும் முடிந்தால் அதை நட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து உண்டு, மருத்துவம் செய்யுங்கள் என்ற கருத்திலும் ஹதீஸ் உண்டு. முதுமைக்கு மருந்தில்லை, ஆனால் முழங்கால் வலிக்கும் சீனி வருத்தத்துக்கும் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கி எல்லாவற்றையும் "வயசு" என்ற கணக்கில் எழுதிவிடுகிறோம்.

உம்முல் முஃமினீன் ஸவ்தா (ரழி) அவர்களின் சம்பவம் இதற்கு நல்ல விளக்கம். ஹஜ்ஜின்போது முஸ்தலிஃபாவில் கூட்டம் புறப்படும் முன்னரே தாம் புறப்பட்டுவிட அனுமதி கேட்டார்கள். காரணம், அவர்கள் உடல் கனத்து நடை மெதுவானவர்கள். நபி (ஸல்) அனுமதித்தார்கள். நானும் அப்படிக் கேட்டிருக்கலாமே என்று பின்னாளில் ஆயிஷா (ரழி) ஆசைப்பட்டதாகவும் புகாரியில் வருகிறது. தன் உடம்பு இன்னதென்று அறிந்து, அதற்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்ட ஒரு பெண். அதைக் குறையாக நினைக்காத ஒரு சபை. நின்று தொழ இயலாதவர் இருந்து தொழலாம், நோன்பு தாங்காத முதியவர் ஃபித்யா கொடுக்கலாம் என்ற சலுகைகளும் இந்த வகைதான். சீனி வருத்தத்தோடு இன்சுலின் போட்டுக்கொண்டு, டொக்டர் தடுத்தும் நோன்பு பிடிக்கும் உம்மும்மாமாருக்கு இதை யாராவது அன்பாகச் சொல்ல வேண்டும்.

ஸூரத்துந் நூரின் 60ஆம் வசனத்தில் திருமண எண்ணம் கடந்த முதிய பெண்களுக்கு மேலாடை விடயத்தில் இளக்கம் தரப்படுகிறது. பேணிக்கொள்வதே சிறப்பு என்றும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. நான் நிற்பது சட்டத்தில் அல்ல, சொல்லில். அவர்களைக் குறிக்கும் அரபுச் சொல் "கவாயித்". அமர்ந்தவர்கள் என்று பொருள். அதே கவாயித் என்ற பன்மை வடிவம் அல்பகரா அத்தியாயத்தில் இப்ராஹீம் (அலை) கஃபாவின் அத்திவாரங்களை உயர்த்தியதைச் சொல்லுமிடத்திலும் வருகிறது. ஒருமை வடிவம் வேறு, பன்மை ஒன்றுதான். தமிழில் கிழமையும் அரபியில் அத்திவாரமும் முதியவளுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது மொழி படித்தவளுக்குச் சின்ன சந்தோஷம்.

சந்தோஷம் என்றதும் அந்த மூதாட்டியின் ஹதீஸ் நினைவுக்கு வரும். சுவர்க்கத்துக்காகத் துஆச் செய்யக் கேட்டு வந்தவரிடம், கிழவிகள் சுவர்க்கம் புகமாட்டார்கள் என்று நபி (ஸல்) சொன்னார்கள். அவர் அழுதுகொண்டு போக, கிழவியாகப் புகமாட்டார், இளமையாக்கப்பட்டுத்தான் புகுவார் என்று சொல்லி அனுப்பினார்கள். விளையாட்டாகப் பேசும் அளவுக்கு அந்த மூதாட்டியை ஒரு ஆளாக மதித்திருக்கிறார்கள். நம் வீடுகளில் வயதானவர்களிடம் மருந்து குடிச்சீங்களா, தொழுதீங்களா என்ற இரண்டு கேள்விக்கு மேல் பேச்சு போகிறதா? சிரிக்க வைக்கும் பேச்சு எப்போது நடந்தது? நபியவர்களைச் சிறு வயதில் தூக்கி வளர்த்த உம்மு அய்மன் (ரழி) அவர்களைப் பார்க்க நபி (ஸல்) போய்வருவார்கள். அவர்கள் வஃபாத்தான பின், அவர்கள் போனது போல நாமும் போவோம் என்று அபூபக்கரும் உமரும் (ரழி) புறப்பட்டார்கள். ஆட்சித் தலைவருக்கு ஒரு கிழவி வீட்டுக்குப் போக நேரமிருந்தது.

சட்டமும் கொஞ்சம் துணைக்கு இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தம்மைப் பார்த்துக்கொள்ள இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கேட்டு அதற்கான சபையில் முறையிடலாம். அப்படிப் போன முஸ்லிம் பெண் ஒருவரையும் நான் கண்டதில்லை. பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதா என்பார்கள். 60 வயதானோருக்கு முதியோர் அடையாள அட்டை உண்டு, அதைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். அதற்கு யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

இனி நோக்கம் என்பது. பேரப்பிள்ளை பார்ப்பதுதான் கிழவியின் நோக்கம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவுக்குப் போகாத குழந்தைகளை வீட்டில் வைத்திருப்பது ஓய்வுபெற்ற ஆயாமார். மகள் மத்திய கிழக்குக்குப் போன வீடுகளில் இரண்டாம் தடவை தாயாகிறாள். அதில் இன்பமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கேட்காமலே சுமத்தப்படும் வேலையை நோக்கம் என்று சொல்லக் கூடாது. அவளுக்கு வேறொன்றும் தெரியும், அதை யாரும் கேட்பதில்லை.

1969இல் மவுசாகலை அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடைகள், பள்ளிவாசல், கோவில், விகாரை எல்லாம். கடும் வரட்சியில் நீர் இறங்கினால் இடிபாடுகள் வெளியே தெரியும், ஆட்கள் போய்ப் படம் எடுப்பார்கள். அந்த நீர்தான் மலைக்குள் குடைந்த சுரங்கங்களால் இறங்கி இறங்கி, அதே 1969இல் இயங்கத் தொடங்கிய பொல்பிட்டிய மின்நிலையம் வரை வருகிறது. அன்று பத்து வயதாயிருந்த பிள்ளைகளுக்கு இப்போது 65 வயதுக்கு மேல். ஆண்களிடம் கேட்டால் அணையின் உயரத்தைச் சொல்லுவார்கள். பெண்களிடம் கேட்டால் எந்தக் கடையில் சீத்தை வாங்கினார்கள், பள்ளிவாசல் ஹவுழுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, நோன்புக் கஞ்சி எந்த வாசலால் கொடுத்தார்கள் என்று வரும்.

சென்ற வருடம் என் மாணவிகள் சிலரை அப்படிப்பட்ட சிலரிடம் அனுப்பினேன். முஸ்லிம் உம்மும்மாமாரும் தோட்டத்து அம்மாயிமாரும் கலந்து. பழைய நகரத்தின் கடைவீதியைப் பெரிய தாளில் கீற வைத்தோம். முதல்நாள் ஒருவரும் பென்சிலைத் தொடவில்லை. "எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது புள்ள" என்ற ஒருவர், மூன்றாம் நாள் மற்றவர் கீறிய கோட்டை அழிரப்பரால் அழித்துவிட்டுத் தானே கீறினார். சலூனுக்குப் பக்கத்தில் இருந்தது பேக்கரியா புடைவைக் கடையா என்பதில் இரண்டு பேருக்குள் ஒரு கிழமையாகப் பேச்சில்லை. இருவரும் இப்போது தனித்தனியாகத் தம் பக்கத்துக்குச் சாட்சி தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் அதற்காக ஹட்டனிலிருக்கும் தன் மதினியைப் பார்க்கப் போக வேண்டும், முழங்காலுக்குக் கிளினிக்கில் என்ன தருவார்கள் என்று என்னிடம் கேட்டனுப்பியிருக்கிறார்.